சீன மூலிகையும் நிமோனியாவும்: கூட்டுச் சிகிச்சைச் சோதனைகள் பற்றிய ஒரு விமர்சனம்

நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சிக்கு நவீன மருத்துவம் தரும் சிகிச்சை ஓரளவு வரையறுக்கப்பட்டது. பாக்டீரியாவால் வந்தது என்றால் ஆன்டிபயாடிக், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வெளியிலிருந்து ஆக்சிஜன், நுரையீரல் கைவிட்டால் வென்டிலேட்டர். சீன மருத்துவமனைகளில் இவற்றோடு மரபு மூலிகை மருந்தும் கொடுக்கப்படுவது உண்டு. அது கஷாயமாக இருக்கலாம், கேப்சூலாக இருக்கலாம், சிரைவழி டிரிப்ஸில் ஏற்றும் ஊசிமருந்தாகவும் இருக்கலாம். சீன மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் இணைத்து நடத்துவது 1950களிலிருந்தே அந்நாட்டு அரசின் கொள்கை. ஆகவே அங்கு நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை ‘மூலிகையா, ஆன்டிபயாடிக்கா’ என்று கேட்பதில்லை. ‘வழக்கமான சிகிச்சையோடு மூலிகையும் சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டா’ என்றுதான் கேட்கின்றன.

கேள்வி நியாயமானது. நிமோனியா நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு மூலிகையைச் சோதிப்பது அறமாகாது என்பதால், இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமான வழி. ஆனால் அதே வடிவத்தில் நடத்தப்பட்ட இரண்டு சோதனைகளின் விடைகள் ஒரே எடை கொண்டவை அல்ல. அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு லியன்ஹுவா சிங்வென் என்ற கேப்சூலும் சுவேபிஜிங் என்ற ஊசிமருந்தும் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டுக்கும் சீனாவில் 2004இல், சார்ஸ் நோய் பரவி ஓய்ந்த மறு ஆண்டில், ஒப்புதல் கிடைத்தது. 2020 ஏப்ரலில் கொவிட்-19 சிகிச்சைக்கும் இவ்விரண்டின் பயன்பாட்டை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரிவாக்கியது.

கூட்டல் கணக்கு

வழக்கமான சிகிச்சையை ‘ஆ’ என்றும், புதிதாகச் சேர்க்கும் மருந்தை ‘அ’ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு அ + ஆ, மற்றொரு குழுவுக்கு ஆ மட்டும். முதல் குழு மேலும் நன்றாகத் தேறினால் அந்த வித்தியாசத்தை ‘அ’வின் கணக்கில் எழுதுகிறார்கள்.

பள்ளி மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு வகுப்பில் பாதிப் பேர் மாலையில் டியூஷனுக்கும் போகிறார்கள். மீதிப் பேர் பள்ளிக்கு மட்டும் வருகிறார்கள். டியூஷன் மாணவர்கள் ஐந்து மதிப்பெண் கூட எடுத்தால் அது டியூஷன் மாஸ்டர் நன்றாகக் கற்பித்ததாலா, ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் புத்தகம் முன்னால் உட்கார்ந்ததாலா, பணம் கட்டிய பெற்றோர் வீட்டில் அதிகம் கவனித்ததாலா? மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விடைத்தாள் திருத்துபவரே டியூஷன் மாஸ்டராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எட்சார்ட் எர்ன்ஸ்ட், எம். எஸ். லீ ஆகிய இருவரும் 2008இல் மும்பையிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்’ இதழில் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினர். மருந்துப்போலி இல்லாமல் நடத்தப்படும் இந்த வடிவம் ஏறத்தாழ எப்போதும் ‘பலன் உண்டு’ என்ற விடையையே தரும் என்பது அவர்கள் வாதம். அ வெறும் நீராக இருந்தாலும், கூடுதலாக ஏதோ ஒன்று தனக்குக் கொடுக்கப்படுகிறது என்ற நோயாளியின் எதிர்பார்ப்பும், கொடுப்பவரின் கூடுதல் கவனமும் அதன் கணக்கில் ஏறிவிடும். அ நேரடியாகத் தீங்கு செய்தால் ஒழிய அ + ஆ என்பது ஆவைவிடக் குறையாது.

இதற்கு மாற்று உண்டு. ஆ மட்டும் பெறும் குழுவுக்கு அவைப் போலவே தோற்றம், நிறம், சுவை கொண்ட வெற்று மருந்தைக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது. சொல்வதற்கு எளிது. கசப்பும் காட்டமான வாசனையும் கொண்ட கஷாயத்துக்குப் போலி தயாரிப்பது எவ்வளவு சிரமம் என்பது நிலவேம்புக் குடிநீர் குடித்த எவருக்கும் தெரியும்.

காய்ச்சல் இறங்கிய நேரம்

நிமோனியாவுக்கு முன்னால் இன்ஃபுளுவென்சாவில் நடந்த ஒரு சோதனையைப் பார்ப்பது உதவும். லியன்ஹுவா சிங்வென்னின் மூதாதை அதில்தான் இருக்கிறது. 2009இல் எச்1என்1 பரவியபோது சீனாவின் 11 மருத்துவமனைகளில் 410 பேரை நான்காகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு ஒசெல்டாமிவிர், ஒரு குழுவுக்கு மா சிங் ஷி கான் – யின்சியாவ் சான் என்ற 12 மூலிகைக் கஷாயம், ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. முடிவு 2011இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்தது. காய்ச்சல் தணிய ஆன இடைநிலை நேரம், மருந்து எதுவும் பெறாதவர்களுக்கு 26 மணி, ஒசெல்டாமிவிர் பெற்றவர்களுக்கு 20 மணி, கஷாயம் குடித்தவர்களுக்கு 16 மணி, இரண்டும் பெற்றவர்களுக்கு 15 மணி.

மதிப்பு மிக்க இதழ், தெளிவான எண்கள். ஆனால் மருந்துப்போலி இல்லை. கஷாயக் குழுவினர் நாளொன்றுக்கு நான்கு வேளை, வேளைக்கு 200 மில்லி லிட்டர் குடித்தனர். அதாவது 800 மில்லி லிட்டர் திரவம் மற்றவர்களைவிடக் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. காய்ச்சல்காரருக்கு அது மட்டுமே ஓரளவு ஆறுதல் தரக்கூடியது. கஷாயத்தில் உள்ள எபெட்ராவுக்கும் மற்ற சரக்குகளுக்கும் பங்கில்லை என்று இதனால் ஆகிவிடாது. பங்கு எவ்வளவு என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இதில் பங்கேற்றவர்கள் சிக்கலில்லாத லேசான காய்ச்சல்காரர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கஷாயத்தின் முதல் பாதி, ஹான் வம்சக் கால மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் ‘ஷாங்ஹான் லுன்’ நூலிலிருந்து வருவது. பின்பாதி சிங் வம்சக் காலத்தது. இரண்டையும் அடிப்படையாக வைத்து மேலும் சில சரக்குகள் சேர்த்து, ஷிஜியாஜுவாங் நகரத்து யீலிங் நிறுவனம் கேப்சூலில் அடைத்ததுதான் லியன்ஹுவா சிங்வென். அதில் 13 சரக்குகள். ஹனிசக்கிள் பூ, ஃபோர்சித்தியா காய், எபெட்ரா, ஆப்ரிகாட் விதை, ஜிப்சம், நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் அதிமதுரம், ரேவல்சின்னி ஆகியவை அவற்றுள் சில.

2020இல் ‘ஃபைட்டோமெடிசின்’ இதழில் வெளியான கொவிட்-19 சோதனையில் 284 பேர். 142 பேருக்கு வழக்கமான சிகிச்சை, 142 பேருக்கு அதனுடன் லியன்ஹுவா சிங்வென், 14 நாள். காய்ச்சல், களைப்பு, இருமல் ஆகிய மூன்றும் நீங்கியவர்கள் மூலிகைக் குழுவில் 91.5%, மற்றதில் 82.4%. அறிகுறி நீங்க ஆன இடைநிலைக் காலம் 7 நாள், 10 நாள். மார்பு சி.டி. படத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் 83.8%, 64.1%. உலகெங்கும் செய்தியான எண்கள் இவை.

செய்தியில் அதிகம் வராத வரி வேறொன்று. வைரஸ் பரிசோதனை ‘இல்லை’ என்று மாறிய விகிதத்தில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோய் கடுமையான நிலைக்குப் போனவர்களின் விகிதத்திலும் இல்லை.

இங்கேதான் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். வேறுபாடு தெரிந்த இடங்கள் எவை? களைப்பும் இருமலும் நோயாளி வாயால் சொல்வது. தான் புது மருந்து சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். கேட்கும் மருத்துவருக்கும் தெரியும். சி.டி. படம் அப்படியல்ல என்று வாதிடலாம். ஆனால் படத்தில் ‘முன்னேற்றம்’ என்பதும் ஒரு கண்ணின் தீர்ப்பே; அந்தக் கண்ணுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வேறுபாடு தெரியாத இடங்களோ ஆய்வுக்கூடத்தின் அளவும் நோயின் போக்கும்.

இன்னொரு விளக்கமும் உண்டு. அது மூலிகைக்குச் சாதகமானதே. எபெட்ராவில் எபெட்ரின் இருக்கிறது. அது மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது மருந்தியலில் நன்கு நிறுவப்பட்டது. ஆகவே இருமலும் மூச்சுமுட்டலும் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஆனால் அது அறிகுறிக்குக் கிடைத்த ஆறுதல். நுரையீரலில் நோய் வென்றதன் அடையாளம் அல்ல. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் ‘குணம்’ என்று எழுதிவிட்டதுதான் அந்தச் சோதனையைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தின் பெரிய பிழை. 2022 ஏப்ரலில் ஷாங்காய் ஊரடங்கின்போது நோயில்லாத வீடுகளுக்கும் இந்தக் கேப்சூல் பெட்டி பெட்டியாகப் போனது. நோயுற்றவர்களிடம் அறிகுறி குறைந்ததா என்று பார்த்த ஒரு சோதனை, நோய் வராமல் தடுக்கும் என்பதற்குச் சான்றாகாது. அப்போது சீனாவுக்குள்ளேயே மருத்துவர்கள் சிலர் இதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

53 பேர், 84 பேர்

சுவேபிஜிங் வேறு வகை. குசும்பப் பூ, செம்பியோனி வேர், சுவான்சியோங், டான்ஷென், டாங்குவேய் என்ற ஐந்து மூலிகைகளின் சாறு, சிரைவழி ஏற்றும் பழுப்புநிறத் திரவம். 2019இல் ‘கிரிட்டிகல் கேர் மெடிசின்’ இதழில் வந்த சோதனையில், சமூகத்தில் தொற்றிய கடுமையான நிமோனியாவோடு 33 மருத்துவமனைகளில் சேர்ந்த 710 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லி லிட்டர் சுவேபிஜிங். மற்றொரு குழுவுக்கு மருந்துப்போலி. இரு குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது.

எட்டாம் நாளில் நிமோனியாத் தீவிரக் குறியீடு முன்னேறியவர்கள் சுவேபிஜிங் குழுவின் 334 பேரில் 203, போலிக் குழுவின் 341 பேரில் 158. விழுக்காட்டில் 60.78, 46.33. 28 நாளுக்குள் இறந்தவர்கள் 53 பேர், 84 பேர், அதாவது 15.87%, 24.63%. எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 11 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்பியிருக்கிறது.

‘மரபு மருத்துவம்’ என்ற பெயரைப் பார்த்ததும் கட்டுரையை மூடிவிடுகிறவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மருந்துப்போலி இருந்தது. இறப்பு என்பது நோயாளி வாயால் சொல்வதோ மருத்துவர் கண்ணால் மதிப்பிடுவதோ அல்ல. லியன்ஹுவா சோதனைக்கு எழுப்பிய மறுப்புகளில் முக்கியமானவை இதற்குப் பொருந்தாது. 2023இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த இரண்டாவது பெரிய சோதனை இதே மருந்தைச் செப்சிஸ் நோயாளிகளிடம், 45 மையங்களில், 1,817 பேரிடம் சோதித்தது. அதிலும் 28 நாள் இறப்பு சுவேபிஜிங் குழுவில் 18.8%, போலிக் குழுவில் 26.1%.

ஆனாலும் நெருங்கிப் பார்த்தால் கேள்விகள் உண்டு.

முதலாவது, சோதனையின் முதன்மை அளவுகோல். நிமோனியாத் தீவிரக் குறியீடு என்பது 1997இல் அமெரிக்காவில் உருவான ஒரு புள்ளிக் கணக்கு. மருத்துவமனைக்கு வரும் நாளில், இவர் இறக்கும் அபாயம் எவ்வளவு, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய உருவானது. நாளுக்கு நாள் முன்னேற்றம் அளப்பதற்கு அல்ல. வயது எத்தனையோ அத்தனை புள்ளி அதில் சேரும், அது எட்டு நாளில் மாறப்போவதில்லை. 72 வயது ஆண் ஒருவருக்கு மொத்தம் 145 புள்ளி என்றால் அவர் ஐந்தாம் வகுப்பு. மூச்சு விடும் வேகம் நிமிடத்துக்கு 30க்குக் கீழே வந்தால் 20 புள்ளி குறைந்து 125, நான்காம் வகுப்பு. ஒரே ஓர் அளவு எல்லைக்கோட்டைத் தாண்டியதால் அவர் ‘முன்னேறியவர்’ ஆகிவிடுகிறார். 60க்கும் 46க்கும் உள்ள தூரத்தைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் இரண்டாம் நிலையில் வைக்கப்பட்ட இறப்புக் கணக்கே முதன்மைக் கணக்கைவிட அதிகம் பேசுகிறது.

இரண்டாவது, மறைப்பு. சலைன் நிறமற்றது, சுவேபிஜிங் பழுப்பு. பாட்டிலும் குழாயும் மூடப்படாவிட்டால் செவிலியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இத்தகைய ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் மாணவர் ‘இருவழி மறைப்பு’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எதைக் கொண்டு மறைத்தார்கள் என்ற பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். தெரிந்துபோனாலும் இறப்பு மாறாதே என்பது முழு உண்மை அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரை எப்போது எடுப்பது, ஆன்டிபயாடிக்கை எப்போது மாற்றுவது என்ற நூறு சிறு முடிவுகளின் கூட்டுத்தொகைதான் பிழைப்பதும் இறப்பதும்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. சேர்க்கப்பட்டவர்கள் 710, கணக்கில் வந்தவர்கள் 675. மீதி 35 பேர் எங்கே? இறப்பில் இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் 31 பேர். காணாமல்போனவர்களின் எண்ணிக்கை, காட்டப்படும் பலனின் அளவைவிடப் பெரிது. இரண்டாவது சோதனையில் அந்த எண்ணிக்கை பலனின் அளவைவிடச் சற்றே சிறிது: 1,817 பேரில் 1,760 பேர்தான் கணக்கில் இருக்கிறார்கள். விடுபட்டவர்கள் 57. இறப்பு 165, 230, வித்தியாசம் 65.

விடுபட்ட 35 பேரும் சுவேபிஜிங் குழுவிலிருந்து போய், எல்லாரும் இறந்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோதனையைத் தவறென்று காட்டும் கணக்கு அல்ல இது. ஆனால் குழு பிரித்த நாளில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரையும், மருந்து எடுத்தாலும் விட்டாலும், அந்தக் குழுவிலேயே வைத்து எண்ண வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். சீனாவில் கடைசிக் கட்டத்திலிருக்கும் நோயாளியைக் குடும்பத்தார் வீட்டுக்கு அழைத்துச் செல்வது உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளிலும் அது புதிதல்ல. அப்படிப் போனவர் ‘விடுபட்டவர்’ ஆனால் அவருடைய மரணமும் விடுபடும்.

ஒரு விலையுயர்ந்த பாடம்

பெரிய எண்ணிக்கை, மருந்துப்போலி, இறப்பு அளவுகோல் எல்லாம் இருந்தும் பிற்பாடு பொய்த்துப்போன மருந்து உண்டா? உண்டு, அது மூலிகை அல்ல. எலி லில்லி நிறுவனத்தின் சிக்ரிஸ் என்ற உயிரித் தொழில்நுட்ப மருந்து கடுமையான செப்சிஸுக்கானது. 2001இல் வெளியான புரோவெஸ் சோதனையில் 1,690 பேர். 28 நாள் இறப்பு போலிக் குழுவில் 30.8%, மருந்துக் குழுவில் 24.7%. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பத்தாண்டு கழித்து, செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 1,697 பேரிடம் நடந்த அடுத்த சோதனையில் மருந்துக் குழுவின் இறப்பு 26.4%, போலிக் குழுவில் 24.2%. பலன் மறைந்துபோயிற்று. 2011 அக்டோபரில் நிறுவனமே மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

6.1 புள்ளி வித்தியாசம் காட்டிய சிக்ரிஸுக்கு நேர்ந்தது, 7.3 புள்ளி காட்டும் சுவேபிஜிங்குக்கு நேராது என்று எதை வைத்துச் சொல்வது? கொவிட் காலத்தில் இங்கிலாந்தின் ரிகவரி சோதனையில் டெக்சாமெத்தசோன் 25.7% இறப்பை 22.9% ஆக்கியது. உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றிய பலன் 2.8 புள்ளி. அதில் மருந்துப்போலி இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 6,425 பேர் என்ற எண்ணிக்கையும், இறப்பு என்ற ஒரே அளவுகோலும் அந்தக் குறையைத் தாங்கிக்கொண்டன. அந்த அளவோடு ஒப்பிட்டால் சுவேபிஜிங்கின் எண்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பெரியவை. வியப்பு நிராகரிப்புக்குக் காரணம் ஆகாது. மற்றொரு நாட்டில், மருந்தோடும் அதன் நிறுவனத்தோடும் தொடர்பில்லாதவர்கள் மறுபடி செய்து பார்க்கக் காரணம் ஆகும்.

மறுபடி செய்து பார்க்கச் சொல்வது சீனர்களை நம்பாத மேலை மனப்போக்கு என்ற குறை அவ்வப்போது எழுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சங்கடமானது. அக்குபங்சர் அல்லாத சிகிச்சைச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் இங்கிலாந்தில் நடந்தவற்றுள் 75% சாதகமான முடிவைச் சொல்லின. சீனாவில் நடந்தவற்றுள் 99%. எந்த நாட்டு மருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை வேலை செய்வதில்லை. தோற்ற சோதனைகள் அச்சேறவில்லை என்பதே இதற்கு எளிய விளக்கம்.

சார்ஸ் காலத்து அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. மூலிகை சேர்த்ததால் இறப்பு குறைந்தது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. 2012இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 13 சோதனைகளையும் 640 நோயாளிகளையும் சேர்த்து எண்ணியபோது, மேலை மருந்தோடு சீன மூலிகை சேர்ந்ததால் இறப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

குப்பிக்குள் இருப்பது

‘கூடச் சேர்ப்பதால் என்ன நட்டம்’ என்பது சேர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது. நட்டம் உண்டு. மீன்வாடைப் புல் என்று பொருள்படும் யூசிங்சாவ் மூலிகையின் ஊசிமருந்து சீனாவில் நுரையீரல் தொற்றுகளுக்குப் பல ஆண்டு புழங்கியது. கடுமையான ஒவ்வாமைகளும் இறப்புகளும் பதிவானதால் 2006 ஜூனில் அந்நாட்டு அரசே அதை நிறுத்திவைத்தது. வாய்வழிச் சாப்பிடும் மூலிகை குடலையும் கல்லீரலையும் கடந்து போகிறது. சிரைவழி ஏற்றும்போது அந்தக் காவல் இரண்டும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு மரபு என்ற சான்றிதழ் கஷாயத்துக்குச் செல்லுபடியாகலாம். டிரிப்ஸுக்கு ஆகாது, ஏனென்றால் ஜாங் ஜோங்ஜிங் யாருக்கும் டிரிப்ஸ் போட்டதில்லை.

டான்ஷென் வேர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். எபெட்ரா ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் குறையும். நிமோனியாவோடு வரும் முதியவர்களில் பலர் ஏற்கெனவே இதயத்துக்கும் அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். சுவேபிஜிங் சோதனையில் பாதக விளைவுகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ சமமாகவே இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: 119 பேர், 137 பேர்.

சரக்கின் அடையாளமும் ஒரு பிரச்சினை. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒலியில் ஒத்த பெயருடைய அரிஸ்டலோகியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். ஆகவே சோதனைக் கட்டுரையில் மூலிகையின் தாவரவியல் பெயர், எந்த உறுப்பு, எப்படிச் சாறெடுத்தது, தரம் எப்படிச் சோதிக்கப்பட்டது ஆகியவை இருக்க வேண்டும் என்று சீன மூலிகைச் சோதனைகளுக்கென 2017இல் தனி நெறிமுறையே வெளியிடப்பட்டது. டான்ரேசிங் என்ற மற்றொரு நிமோனியா ஊசிமருந்தில் கரடிப் பித்தப்பொடி இருக்கிறது. அதற்காகக் கூண்டில் அடைபடும் கரடிகளின் கணக்கு எந்தச் சோதனையின் பாதக விளைவுப் பட்டியலிலும் வருவதில்லை.

மரபின் பக்கத்து மறுப்பு

மரபு மருத்துவர்களுக்கும் இத்தகைய சோதனைகள் மீது ஒரு மனக்குறை உண்டு, அது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. நிமோனியா என்பது அவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரே எக்ஸ்ரே உடைய இருவரில் ஒருவருக்குச் சளியும் வெப்பமும் நுரையீரலை அடைத்திருப்பதாகவும், மற்றவருக்கு உயிர்ச்சக்தி குன்றியிருப்பதாகவும் அவர்கள் பிரித்து வெவ்வேறு சூத்திரம் எழுதுவார்கள். எல்லாருக்கும் ஒரே கேப்சூலைக் கொடுப்பது மரபைச் சோதிப்பதாகாது என்பது அவர்கள் வாதம். நாடி பார்த்து வாதம், பித்தம், கபம் பிரிக்கும் சித்த மருத்துவரும் இதையே சொல்வார்.

வாதம் சரியே, ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். கேப்சூல் தோற்றால் மரபு தோற்கவில்லை என்றால், கேப்சூல் வென்றாலும் மரபு வென்றதாகாது. தூ யூயூ 4ஆம் நூற்றாண்டு கே ஹோங்கின் கைநூலில் குறிப்புக் கண்டு ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்து 2015இல் நோபல் பரிசு பெற்றார். அது மலேரியாவுக்கான ஒற்றை மூலக்கூறுக்குக் கிடைத்த பரிசு. அதைக் காட்டி நிமோனியாக் கேப்சூலை விற்க முடியாது. தனித்தனியாகச் சூத்திரம் எழுதும் முறையையும் சோதிக்க வழி உண்டு. மருத்துவர் நாடி பார்த்து எழுதட்டும். மருந்துக் கடையில் பாதிப் பேருக்கு எழுதியதும் பாதிப் பேருக்குப் போலியும் கட்டிக் கொடுக்கலாம். கடினம்தான், முடியாதது அல்ல.

தமிழ்நாட்டில் 2020இல் அரசு கபசுரக் குடிநீரைப் பரவலாக வழங்கியபோதும் இதே கேள்விகள் எழுந்தன. 15 சரக்கு கொண்ட அந்தக் குடிநீரைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடும் எந்த ஆய்வையும், போலி இருந்ததா, எத்தனை பேர் விடுபட்டார்கள், அளந்தது காய்ச்சலையா உயிரையா என்று அதே அளவுகோலால்தான் படிக்க வேண்டும்.

சோதனை கேட்காத கேள்வி

இந்தச் சோதனைகள் பொதுமக்கள் பேச்சில் வந்து சேரும்போது ஒரு சொல் உதிர்ந்துவிடுகிறது: ‘கூட’. ‘ஆன்டிபயாடிக்கோடு கூடக் கொடுத்ததில் பலன் தெரிந்தது’ என்பது ‘மூலிகையில் நிமோனியா குணமாகிறது’ என்று ஆகிவிடுகிறது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது ‘மூலிகையே போதும்’ என்றாகிறது. பாக்டீரியா நிமோனியாவில் ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. 2009இல் மூலிகை மட்டும் பெற்ற குழு ஒன்று உண்டு. அவர்களுக்கு இருந்தது லேசான இன்ஃபுளுவென்சா. நிமோனியா நோயாளிகளைச் சேர்த்த சுவேபிஜிங் சோதனையில் ‘மூலிகை மட்டும்’ என்று ஒரு குழு இல்லை. அதில் அந்த மருந்தைப் பெற்றுப் பிழைத்த 281 பேருக்கும், இறந்த 53 பேருக்கும், வழக்கமான சிகிச்சை கூடவே நடந்துகொண்டுதான் இருந்தது.